விக்கலுக்குப் பின்னால் ஒரு மடை

ராயகிரியில் விக்கல் எடுத்தால், "ஒன்ன யாரோ நெனைக்காவ" என்பார்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் அது அடங்கிவிடும். ஆனால் நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் வந்து, பின்னாலேயே கண் மங்கி, கால் மரத்துப்போனால் கட்டாயம் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அது பிறந்த கதை இது.

1868-ல் பாரிஸில் மருத்துவர் ஷார்கோ, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயைத் தெளிவாக வரையறுத்தார். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும் நோய் அது. 1894-ல் லியோன் நகரத்து மருத்துவர் யூஜின் டெவிக், கண் நரம்பையும் தண்டுவடத்தையும் குறிவைக்கும் இன்னொன்றை விவரித்தார். அதையும் முதல் நோயின் ஒரு வகை என்றே நெடுங்காலம் பலர் எண்ணினார்கள்.

காரணம் எண்ணிக்கை. வட ஐரோப்பாவில் லட்சம் பேரில் நூறு பேருக்கு மேல் எம்.எஸ். உண்டு, டெவிக் நோய் ஏறக்குறைய ஒருவருக்கே. நெல் மூட்டைக்குள் விழுந்த உளுந்து கண்ணில் படுமா? ஆசியாவில் எம்.எஸ். குறைவு, அதனால் மற்றது துலக்கமாகத் தெரிந்தது. ஜப்பானிய மருத்துவர்கள் அதற்குக் கண்-தண்டுவட வகை என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள்.

2004-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழுவினர், ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழக மருத்துவர்களோடு சேர்ந்து நோயாளிகளின் ரத்தச் சீரத்தைச் சோதித்தார்கள். எலி மூளையின் மெல்லிய சீவலில் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். டெவிக் நோயாளிகளில் நால்வருக்கு மூவர் வீதம், ரத்தக்குழாய்களின் ஓரம் மினுமினுத்தது. வழக்கமான எம்.எஸ். நோயாளிகளின் சீரத்தில் அந்த மினுக்கம் அநேகமாக இல்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள்.

மினுக்கத்துக்குக் காரணம் சீரத்தில் இருந்த ஓர் எதிர்ப்பொருள்; அது பாய்ந்து பிடித்த இடம் அக்வாபோரின்-4 என்று மறு ஆண்டே தெரிந்தது. குளத்து மடைபோல, செல்லுக்குள் தண்ணீர் போய்வரும் வழி அது. மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியிலும் அந்த மடைகள் நெருக்கமாக உள்ளன. அங்கே எதிர்ப்பொருள் தாக்குவதுதான் விடாத விக்கலுக்கும் வாந்திக்கும் காரணம்.

பெயர் மாறினால் மருந்தும் மாறும். எம்.எஸ். நோய்க்குத் தரும் பீட்டா இன்டர்ஃபெரான், இந்த நோயை முற்றச்செய்யலாம். மங்களூரில் லேகா பண்டிட் குழுவினர் எடுத்த கணக்கில் லட்சத்துக்குச் சுமார் 8 பேருக்கு எம்.எஸ்., 2.6 பேருக்கு டெவிக் நோய். நம் பக்கத்தில் இதை அபூர்வம் என்று ஒதுக்க முடியாது.

ஆகவே ராயகிரியிலிருந்து திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ நரம்பு மருத்துவரிடம் போகிறவர்கள், கண்ணையும் காலையும் சொல்வதோடு நிறுத்த வேண்டாம். முன்பு வந்து போன அந்த விக்கலையும் மறக்காமல் சொல்லுங்கள். "அக்வாபோரின்-4 ரத்தப் பரிசோதனை பார்க்கணுமா டாக்டர்?" என்றும் கேளுங்கள்.