முகநூலும் மாணவர் மதிப்பெண்ணும்

சமூக ஊடகப் பழக்கம் படிப்பைக் கெடுக்கிறதா என்ற ஆராய்ச்சி பெரும்பாலும் முகநூலை வைத்தே தொடங்கியது. 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய அத்தளம், 2006 செப்டம்பரில் எல்லோருக்கும் திறந்துவிடப்படும் வரை பெரிதும் மாணவர்களின் கையில்தான் இருந்தது.

முகநூல் பார்ப்போரின் மதிப்பெண் சராசரி குறைவு என்று 2009இல் அமெரிக்க ஆய்வாளர் ஆரின் கார்பின்ஸ்கி ஒரு மாநாட்டில் சொன்னதும் பத்திரிகைகள் அதைப் பெரிதுபடுத்தின. பால் கிர்ஷ்னருடன் அவர் 2010இல் வெளியிட்ட அந்த ஆய்வில் இருந்தவர்கள் 219 பேர்தான். இதைவிடப் பெரிய தரவுகளைச் சோதித்த ஜோஷ் பாசெக் குழுவினர், அப்படி உறுதியான தொடர்பு எதுவும் இல்லை என்று 2009இலேயே மறுத்துவிட்டனர்.

இந்த இழுபறியில் தெளிவு தந்தவர் ரெய்னால் ஜுன்கோ. 1,839 கல்லூரி மாணவர்களை ஆராய்ந்த அவரது 2012ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, முகநூலில் செலவிடும் நேரம் கூடக்கூட மதிப்பெண் குறைந்தது. ஆனால் படிப்புக்கு ஒதுக்கிய நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. தகவல் தேடவும் பகிரவும் பயன்படுத்தியவர்கள் நன்றாகவே படித்தார்கள். அரட்டைக்குப் பயன்படுத்தியவர்கள் பின்தங்கினார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாணவர்கள் வாயால் சொல்லும் நேரம், கணினியில் பதிவாகும் நேரத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை ஜுன்கோவே பின்னர் காட்டினார். மேலும், முகநூலால் மதிப்பெண் குறைந்ததா, படிப்பில் ஒட்டாதவர்கள் முகநூலுக்குப் போனார்களா என்பதை இத்தகைய கணக்கெடுப்பு சொல்லாது.

லாரி ரோசன் குழு வேறு வழியில் போனது. வீட்டில் படித்துக்கொண்டிருந்த 263 மாணவர்களை ஆளுக்கு 15 நிமிடம் அருகிலிருந்து கவனித்து, என்ன செய்கிறார்கள் என்று நிமிடத்துக்கு நிமிடம் குறித்தார்கள். தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தும், சராசரியாக 6 நிமிடம்கூட அவர்கள் ஒரே வேலையில் நிற்கவில்லை. அந்தக் கால் மணி நேரத்துக்குள் முகநூலைத் திறந்தவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆக, எவ்வளவு நேரம் என்பதைவிட எப்போது, எதற்காக என்பதே முக்கியமாகத் தோன்றுகிறது. 2018இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதுவே தெரிந்தது: மொத்தப் பாதிப்பு மிகச் சிறியது; படிக்கும்போதே பார்ப்பதில் அது சற்றுக் கூடுகிறது; பாடத்துக்காகப் பயன்படுத்தினால் நன்மையே.

தடை விதித்தால் பலன் உண்டா? இங்கிலாந்துப் பள்ளிகளின் கைப்பேசித் தடையை ஆராய்ந்து லூயி-பிலிப் பெலண்டும் ரிச்சர்ட் மர்ஃபியும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வு மதிப்பெண் உயர்ந்தது பின்தங்கிய மாணவர்களுக்குத்தான். ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை.