மரை கழண்ட கதை: அரை இஞ்ச் குழாயும் அஞ்சு டிகிரியும்

ஆபீஸ்ல ஆணி புடுங்குறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க. வீட்ல நெசமாவே ஸ்பேனரைத் தூக்கினா திட்டு தான் கிடைக்குது மக்களே. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் வாங்கின திட்டுல இருந்து பொறந்தது தான் இந்தப் பதிவு. கொஞ்சம் புலம்பல், நெறைய வரலாறு. பொறுத்தருள்க :-)

எங்க வீடு கோயமுத்தூர்ல. மொட்டைமாடியில அம்மா கத்திரி, தக்காளி, வெண்டைன்னு இருவது தொட்டி வெச்சிருக்காங்க. அங்க இருக்குற குழாய் ரொம்ப நாளா சொட்டிக்கிட்டே இருந்துது. அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்த மச்சான், தோட்டத்துக்குன்னு ஒரு பித்தளை வால்வு கொண்டு வந்தார். அரை இஞ்ச், பளபளன்னு இருந்துது. பழைய குழாயைக் கழட்டிட்டு இதை மாட்டிடலாம்னு கெளம்பினேன்.

"மரை சேருதான்னு பாத்துட்டு மாட்டு கண்ணு"ன்னு அப்பா கீழ இருந்தே சொன்னார்.

"எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ் தான்ப்பா, நான் பாத்துக்கறேன்"னு சொன்னேன். பி.ஈ. படிச்ச திமிரு!

நாலு சுத்து அழகா ஏறிச்சு. தண்ணியைத் திறந்தா மரை வழியா கசியுது. கழட்டி டெஃப்லான் டேப்பை அஞ்சு சுத்து சுத்தி மாட்டினேன். கசியுது. பத்து சுத்து. அப்பவும் கசியுது. கடுப்புல பைப் ரெஞ்சைப் போட்டு ஒரே அழுத்தா அழுத்தினேன். 'டக்'னு ஒரு சத்தம். செவுத்துல இருந்த பிளாஸ்டிக் எல்போ பொளந்துடுச்சு. டேங்குக்குக் கீழ இருக்குற கேட் வால்வை மூடலாம்னு ஓடினா, அது துருப்பிடிச்சுத் திரும்பவே இல்ல. ஆயிரம் லிட்டர் தண்ணி என் கண்ணு முன்னாடி மாடி பூரா ஓடுது. அம்மா பக்கெட்டோட ஓடி வர்றாங்க.

அப்பா படியேறி வந்தார். முட்டி வலியால ரெண்டு வருஷமா அவர் மாடிக்கே வர்றதில்லை. ஒரு மரக்கட்டையில பழைய வேட்டித் துணியைச் சுத்தி, உடைஞ்ச வாயில வெச்சுச் சுத்தியலால தட்டினார். ஓட்டம் நின்னுச்சு. அப்புறம் பழைய குழாயையும் புது வால்வையும் எடுத்து, மரையோட மரை சேர்த்து வெயிலுக்கு நேரா புடிச்சார்.

"பல்லு ஒக்காருது பாரு. ஆனா சந்துல வெளிச்சம் தெரியுதா? வெளிச்சம் போற சந்துல தண்ணி போகாதாக்கும்? இது முனை தட்டையா இருக்குது. அறுபது டிகிரி மரை. நம்மூர்து முனை உருண்டையா இருக்கும், அம்பத்தஞ்சு. விட்வொர்த்து."

அப்பா பம்புசெட் பட்டறையில முப்பது வருஷம் லேத் ஓட்டினவர். அவர் வெட்டின மரையில தான் என் காலேஜ் பீஸ் கட்டினாங்க. ஆனா அந்த முப்பது வருஷத்துல அவர் வேலையைப் பத்தி நான் ஒரு கேள்வி கூடக் கேட்டதில்லைங்கறது அந்த ஈர மாடியில நிக்கும்போது தான் உறைச்சுது. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. விட்வொர்த்னா என்னன்னு தேட ஆரம்பிச்சேன்.

ஜோசப் விட்வொர்த், 1803-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பொறந்தவர். லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லேங்கற பெரிய மெஷின் வித்தகரோட பட்டறையில வேலை பார்த்தார். அந்தக் காலத்துல ஒவ்வொரு பட்டறையும் அதுவா ஒரு மரை வெச்சிருந்துச்சு. ஒரு போல்ட்டுக்குச் செஞ்ச நட்டு அந்த போல்ட்டுக்கு மட்டும் தான். ஜோடி மாறிடக் கூடாதுன்னு அடையாளம் போட்டு வெக்கணும். ஒரு நட்டு தொலைஞ்சா, மெஷினைச் செஞ்ச பட்டறைக்கே தான் போகணும்.

விட்வொர்த் செஞ்ச வேலை ரொம்ப எளிமையானது. இங்கிலாந்துல இருந்த முக்கியமான பட்டறைகள்ல இருந்து திருகுகளைச் சேகரிச்சு, அளந்து, சராசரி எடுத்தார். பல்லோட கோணம் 55 டிகிரி, முனையும் அடியும் உருண்டை, ஒவ்வொரு தடிமனுக்கும் இஞ்சுக்கு இத்தனை மரைன்னு ஒரு பட்டியல். இதை 1841-ல் லண்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்துல கட்டுரையா வாசிச்சார். புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சு எல்லார் தலையிலயும் கட்டல. இருக்குறதுக்கு நடுவுல ஒரு பொது ஒப்பந்தம், அவ்ளோதான். குழாய் மரையும் பின்னாடி இதே வழிக்கு வந்துச்சு.

அப்ப அறுபது? அது அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். 1864-ல் பிலடெல்பியாவின் பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்ல வில்லியம் செல்லர்ஸ்ங்கற மெஷின் தயாரிப்பாளர், உருண்டை முனையைச் சரியா வெட்டுறது கஷ்டம், 60 டிகிரி வெச்சு முனையைத் தட்டையாக்கிட்டா சாதாரணத் தொழிலாளி கூடச் சுலபமா வெட்டிடலாம்னு வாதாடினார். நியாயமான வாதம் தான். அதே பிலடெல்பியாவுல ராபர்ட் பிரிக்ஸ் குழாய் மரைக்கு வகுத்த அளவை 1886-ல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பொதுவா ஏத்துக்கிட்டாங்க. அதோட வாரிசு தான் என் மச்சான் கொண்டு வந்த என்.பி.டி. வால்வு.

இப்ப தான் வில்லங்கம். அரை இஞ்ச் பிரிட்டிஷ் குழாய் மரையில இஞ்சுக்கு 14 பல்லு. அரை இஞ்ச் அமெரிக்க மரையிலயும் அதே 14! வெளி விட்டமும் ரெண்டுலயும் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர். அதனால தான் நாலு சுத்து நல்ல புள்ளையா ஏறிச்சு. சுத்தமா சேராம இருந்திருந்தா அப்பவே விட்டிருப்பேன். கிட்டத்தட்ட சேர்றது தான் ஆளைக் கவுக்குது. நம்ம பொட்டி தட்டுற வேலையிலயும் அதே தானே? கம்பைலே ஆகாத தப்பு பரவால்ல, ஓடிட்டே சொதப்புற தப்பு தான் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பும்.

இன்னொரு வேடிக்கை. அரை இஞ்ச்னா 12.7 மில்லிமீட்டர். அரை இஞ்ச் குழாயில வெளி விட்டம் அரை இஞ்ச் கிடையாது! அந்தக் காலத்துத் தடிமனான இரும்புக் குழாயோட உள் ஓட்டையை வெச்சு வந்த பேரு அது. நாம 1956-லயே மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டுட்டோம். ஆனா கடையில இன்னும் 'அரை இஞ்ச்' தான், மரை இன்னும் விட்வொர்த்தோட 55 டிகிரி தான். ஐ.எஸ். 554-ங்கற நம்ம இந்தியத் தர அளவும் அதே.

இதெல்லாம் மொட்டைமாடிப் பிரச்சனை தானேன்னு நெனச்சா, 1904 பிப்ரவரியில பால்டிமோர் நகரம் எரிஞ்சதைப் படிங்க. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க்ல இருந்தெல்லாம் தீயணைப்பு வண்டிங்க வந்துச்சு. வந்தவங்கள்ல பல பேரோட ஹோஸ் பால்டிமோர் தண்ணிக் குழாயில மாட்டவே இல்லை. மரை வேற! 1,500-க்கும் மேல கட்டடங்கள் போச்சு. அதுக்கப்புறம் கணக்கெடுத்துப் பார்த்தா, நாட்டுல 600-க்கும் மேல விதவிதமான ஹோஸ் இணைப்புகள் இருந்துச்சாம். 1948-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து உட்கார்ந்து நட்டு போல்ட்டுக்கு ஒரே 60 டிகிரி மரைக்கு ஒத்துக்கிட்டாங்க. குழாய் மரை மட்டும் அந்தந்தப் பக்கமே நின்னுடுச்சு. செவுத்துக்குள்ள புதைச்ச குழாயை எவன் மாத்துவான்?

மறுநாள் காலையில இதெல்லாம் அப்பாகிட்ட மூச்சு விடாம சொன்னேன். காபி டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "விட்வொர்த்துங்கறது ஒரு ஆளா?"ன்னார். "நாங்க அது அளவோட பேருன்னுல்ல நெனச்சிருந்தோம்." கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் உள்ள போய், பீரோவுல இருந்து எண்ணெய்த் துணியில சுத்தின மரை கேஜை எடுத்துட்டு வந்தார். 55 எது, 60 எதுன்னு ஒவ்வொரு தகட்டையும் விரிச்சுக் காட்டினார். டூலை எப்படிச் சாணை புடிக்கணும், கை எங்க நடுங்கக் கூடாதுன்னு ஒரு மணி நேரம் பேசினார். இவ்ளோ பேசி நான் பார்த்ததே இல்லை.

புது எல்போவும் நம்மூர் குழாயும் வாங்கிட்டு வந்தோம். மாட்டினது நான், பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது அப்பா. மாட்டறதுக்கு முன்னாடி மரையோட மரை வெச்சு வெயிலுக்குப் புடிச்சுப் பார்த்தேன். சந்துல வெளிச்சம் இல்லை. இந்தத் தடவை ரெஞ்சை அவர் என் கையில குடுக்கல :-)

டிஸ்கி: கேட் வால்வு இன்னும் திரும்பல. அது அடுத்த ஞாயித்துக்கிழமை. உங்க வீட்டுச் சொதப்பல்களைப் பின்னூட்டத்துல சொல்லுங்க, கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.