24 பாட்டும் ஒரு போட்டோகொப்பிக் கடையும்

இரத்தினபுரி டவுனில் கசட் பதிந்து வாங்கி, லயத்தில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கு வழக்கு வரும் என்று எங்களில் எவரும் நினைத்ததில்லை.

2003 இல் அமெரிக்க இசைக் கம்பனிகள், இணையத்தில் பாட்டுப் பகிர்ந்த சாதாரண மக்கள்மீது வழக்குப் போடத் தொடங்கின. பெரும்பாலானோர் சில ஆயிரம் டொலர் கட்டிச் சமரசமானார்கள். மினசோட்டாவைச் சேர்ந்த ஜேமி தாமஸ் என்ற தாய் மறுத்து நீதிமன்றம் போனார். 24 பாட்டுக்கு 2007 இல் 222,000 டொலர் நட்டஈடு. மறுவிசாரணையில் அது 19 இலட்சத்தைத் தாண்டியது. 2012 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பழைய தொகையையே உறுதிசெய்தது. அவர் தோற்றார். ஆனால் மக்களின் வெறுப்பைச் சம்பாதித்த கம்பனிகள், 2008 இறுதியிலேயே இப்படிக் கூட்டமாக வழக்குப் போடுவதைக் கைவிட்டிருந்தன.

அதே 2012 இல், டில்லிப் பல்கலைக்கழகப் போட்டோகொப்பிக் கடை ஒன்றின்மீது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உட்பட மூன்று பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. மாணவர்களும் ஆசிரியர்களும் தாமாகவே கடைக்காரர் பக்கம் வழக்கில் சேர்ந்தார்கள். 2016 இல் டில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்பகங்கள் மேன்முறையீடு செய்தும், 2017 இல் வழக்கை மீளப் பெற்றன.

எங்கள் நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 11 ஆம் பிரிவு, வகுப்பறைக்கான பிரதிகளை நியாயமான பயன்பாடு என்கிறது. எவ்வளவு எடுத்தோம், விற்றோமா என்பதும் பார்க்கப்படும்.

தோட்டப் பிள்ளைக்கு இரண்டு பக்கம் பிரதி எடுக்கத் தயங்கும் ஆசிரியர்களே, சட்டத்தை ஒருமுறை வாசியுங்கள். முழுப் புத்தகத்தையும் அடித்து விற்காதீர்கள். எழுதியவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.