யுபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகுதா? காரணம் பேட்டரியா, விண்டோஸா? கண்டுபிடிப்பது எப்படி?

கரண்ட் கட் ஆனதும் யுபிஎஸ் பீப் சத்தம் போடுகிறது. ஆனா கம்ப்யூட்டர் அந்த நொடியிலேயோ, சில நிமிடங்களிலோ ஆஃப் ஆகிவிடுகிறது. பாதி நிரப்பிய விண்ணப்பம், சேமிக்காத கணக்கு எல்லாம் போச்சு! 'பேட்டரி போயிடுச்சு' என்று உடனே புதுசு வாங்கிப் போடுகிறோம். அப்படியும் சில சமயம் பிரச்னை தீராது. ஏன்னா, கம்ப்யூட்டரை அணைப்பது விண்டோஸாகவும் இருக்கலாம்.

விண்டோஸுக்கும் யுபிஎஸ்-க்கும் என்ன சம்பந்தம்?

யுபிஎஸ்-ஐ யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்தால், விண்டோஸ் அதை லேப்டாப் பேட்டரி போலவே எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பிலும் பேட்டரி ஐகான் தெரியும். 'இத்தனை நிமிடத்தில் ஸ்லீப், இத்தனை சதவீதத்தில் ஷட் டவுன்' என்ற பேட்டரி விதிகளும் அமலுக்கு வந்துவிடும்.

யுஎஸ்பி போர்ட் இல்லாத யுபிஎஸ் என்றால், கரண்ட் போனதே விண்டோஸுக்குத் தெரியாது. வீடுகளில் உள்ள சாதாரண 600 விஏ மாடல்கள் பலவும் இப்படித்தான்.

முதலில் இதை பாருங்க

ஸ்டார்ட் மெனுவில் 'இவென்ட் வியூவர்' என்று தேடித் திறக்கவும். அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', பிறகு 'சிஸ்டம்' செல்லவும். கம்ப்யூட்டர் ஆஃப் ஆன நேரத்தையும், மறுபடி ஆன் ஆன நேரத்தையும் ஒட்டி எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்க.

* 1074: ஒரு புரோகிராமோ, பயனரோ சொல்லி ஷட் டவுன் ஆகியிருக்கிறது. எந்த புரோகிராம் என்ற பெயரும் அதிலேயே இருக்கும்.
* 42: கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்கோ, ஹைபர்னேட்டுக்கோ போயிருக்கிறது.
* 41, 6008: முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றிருக்கிறது. மறுபடி ஆன் ஆகும்போதுதான் இது பதிவாகும். கம்ப்யூட்டர் ஹேங் ஆனாலும் 41 வரும். ஆனா கரண்ட் போன சமயத்தில் வந்தால் யுபிஎஸ் மீதுதான் சந்தேகம்.

1074 அல்லது 42 வந்தால்: செட்டிங்கை மாத்துங்க

யுபிஎஸ் கம்பெனியின் சாஃப்ட்வேரும் போட்டிருந்தால், ஒரே பேட்டரிக்கு இரண்டு மேனேஜர்! ஒன்று 'இன்னும் 5 நிமிடம் இருக்கு' என்று காத்திருக்கும். இன்னொன்று அதற்குள் ஸ்லீப்புக்கு அனுப்பிவிடும். ஏதாவது ஒன்றிடம் மட்டும் பொறுப்பைக் கொடுங்க.

விண்டோஸிடம் விடுவதாக இருந்தால் அந்த சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு, கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், 'அட்வான்ஸ்டு' செட்டிங்கில் இவற்றை மாற்றவும்:

* 'ஆன் பேட்டரி' ஸ்லீப் நேரத்தை 'நெவர்' ஆக்குங்க. ஸ்லீப்பில் உங்க வேலை மெமரியில்தான் இருக்கும். ஹைப்ரிட் ஸ்லீப் இல்லாவிட்டால், பேட்டரி தீர்ந்ததும் அது அழிந்துவிடும்.
* 'கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்ஷன்' இடத்தில் 'ஹைபர்னேட்' வையுங்க. இது திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும்.
* 'கிரிட்டிக்கல் பேட்டரி லெவல்' குறைவாக இருந்தால் 20 அல்லது 25 சதவீதமாக உயர்த்துங்க. பழைய பேட்டரி 20 சதவீதத்திலிருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். விண்டோஸ் எழுதி முடிப்பதற்குள் கரண்ட் நின்றால் மறுபடியும் 41தான்.

41 வந்தால்: யுபிஎஸ்-ஐ சோதியுங்க

* லோடு: 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். லேசர் பிரின்டரை அதில் சொருகவே கூடாது.
* வயது: பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டு உழைக்கும். வெக்கையான அறையில் அதைவிடக் குறைவு.
* எஸ்எம்பிஎஸ்: புதிய கம்ப்யூட்டர்களில் 'ஆக்டிவ் பிஎஃப்சி' வகை இருக்கலாம். விலை குறைந்த யுபிஎஸ் தரும் படிப்படியான அலை மின்சாரம் சில சமயம் இதற்கு ஒத்துவராது. பேட்டரி புதுசாக இருந்தாலும், மாறும் நொடியில் கம்ப்யூட்டர் அணையும். 'ப்யூர் சைன் வேவ்' யுபிஎஸ் இதற்குத் தீர்வு.

பேட்டரி ஐகான் அடிக்கடி காணாமல் போகுதா?

ஹப் இல்லாமல் கேபிளை நேராக கம்ப்யூட்டரில் சொருகுங்க. 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட்', 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இரண்டையும் அணைத்துப் பாருங்க. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் சிஸ்டம் முழுசா அணையாது. ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிதாகத் தொடங்கும்.

கடைசியாக ஒரு டெஸ்ட்

எல்லாவற்றையும் சேமித்து மூடிவிட்டு, ஒரு வெற்று ஃபைலை மட்டும் திறந்து வையுங்க. பிளக்கைப் பிடுங்காமல் சுவர் சுவிட்சை மட்டும் அணையுங்க; எர்த் இணைப்பு அப்படியே இருக்கும். கம்ப்யூட்டர் தானாக ஹைபர்னேட் ஆகி, சுவிட்சைப் போட்டு ஆன் செய்ததும் அந்த ஃபைல் திறந்தபடியே வந்தால் செட்டிங் சரி. யுஎஸ்பி இல்லாத யுபிஎஸ் என்றால் இந்த வசதி கிடையாது. பீப் சத்தம் கேட்டதும் சேமித்துவிட்டு, நீங்களே ஷட் டவுன் செய்வதுதான் ஒரே வழி.