கடல் ஏறினால் சேரி எங்கே போகும்?

கோவையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். நம் நகரம் கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருக்கிறது. எந்த அலையும் உக்கடம் வரைக்கும் வரப்போவதில்லை. ஆனால் காலநிலை மாற்றம் பற்றிய ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்த மாணவத் தோழர்கள் எங்களிடம் சொன்ன ஒரு சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘பின்வாங்கல்.’ கடல் ஏறினால் மக்கள் கரையை விட்டு உள்ளே போய்விட வேண்டும், அதற்கு இப்போதே திட்டமிட வேண்டும் என்று அங்கே பேசினார்களாம்.

கடல் ஏறுவதில் சந்தேகம் இல்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு. 2006க்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 3.7 மில்லிமீட்டர் வேகம். இதற்கு மூன்று வழிகள் சொல்கிறார்கள்: தடுப்புச் சுவர் கட்டுவது, வீட்டை உயர்த்திக் கட்டுவது, இல்லையென்றால் உள்ளே நகர்வது. மூன்றுக்கும் காலடியில் சொந்த நிலம் வேண்டும். நிலமில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நாகைக் கடற்கரையின் வரலாற்றில் பதில் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

கீழ்வெண்மணி நமக்குத் தெரியும். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவு எரித்துக் கொல்லப்பட்ட ஊர். அந்த மண்ணில் நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. அந்த மாவட்டத்துச் சேரிகளுக்குள் கடல் முதலில் வந்தது அலையாக இல்லை, மோட்டார் வழியாக.

1990களின் தொடக்கத்தில் இறால் பண்ணைக் கம்பெனிகள் நாகைக் கடலோரத்தில் நெல் வயல்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் தொடங்கின. கடல்நீரை பம்ப் வைத்து இறைத்துக் குளம் குளமாகத் தேக்கினார்கள். நிலத்துக்காரருக்குப் பணம் வந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த தலித் பெண்களுக்கு வேலை போனது, குடிதண்ணீர்க் கிணறு உப்பானது. கீழ்வெண்மணிக்குப் பிறகு அந்தப் பகுதிக்கு வந்து நிலத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் மக்களைத் திரட்டி மறியல் செய்தார்கள், வழக்கும் போட்டார்கள். 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் குளங்களை இடிக்கச் சொன்னது. வேலையிழக்கும் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தரவும் சொன்னது. நம் மக்களின் போராட்டம் கடல்நீருக்கு எதிராகப் பெற்ற தீர்ப்பு அது. நம் சூழலியல் நண்பர்கள் இதைச் சூழலியல் வழக்காக மட்டுமே மேற்கோள் காட்டுவது எங்களுக்கு ஒரு சின்ன வருத்தம். தீர்ப்பைச் செயல்படாமல் ஆக்க 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சுனாமி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை அப்போது.

சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. கீழ்வெண்மணி நினைவு நாளுக்கு மறுநாள் காலை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் மீனவர்கள். அவர்கள் இழந்ததைக் குறைத்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் நிவாரணக் கணக்கு எடுத்த முறையைப் பார்க்க வேண்டும். படகு போனதா, வலை போனதா, வீடு இடிந்ததா, சொந்த வயலில் உப்பு ஏறியதா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ‘ஆம்’ என்று சொல்ல ஒரு சொத்து இருக்க வேண்டும். உப்பேறிய வயலின் சொந்தக்காரர் பட்டியலில் வந்தார். அதே வயலில் கூலி வேலை செய்தவருக்கு அந்தப் போகமும் அடுத்த போகமும் வேலை இல்லை, அவர் பெயர் எதிலும் இல்லை. மீன் சுமந்தவர்களும் கழிமுகத்தில் இறால் தடவியவர்களும் அப்படித்தான் விடுபட்டார்கள். முகாம்களிலும் சாதி இருந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தொடக்கூடாது என்றார்கள், தனியாகப் போய்த் தங்கச் சொன்னார்கள். தலித் அமைப்புகள் அன்றே இதைப் பதிவு செய்தன. பிணங்களை அப்புறப்படுத்த வெளி மாவட்டத் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுபோய் இறக்கினார்களே, அதற்கு மட்டும் நம்மை மறக்கவில்லை.

பின்வாங்கலும் அப்போதே நடந்தது. 2005 மார்ச் 30இல் வந்த அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் உள்ளே நகர்ந்தால் புது வீடு தருவதாகச் சொன்னது. நகர மறுத்தால் பழுது பார்க்க உதவி கிடையாது. விட்டுப் போகும் இடம் அரசுக்கு. மீனவர்கள் இதை எதிர்த்ததில் நியாயம் இருந்தது, காலியான கரையில் நாளை யார் வந்து உட்காருவார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். ஆனால் பேரம் பேசுவதற்கு அவர்களிடம் கரை இருந்தது. வாய்க்கால் புறம்போக்கிலும் பண்ணையார் நிலத்தின் ஓரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களிடம் விட்டுக்கொடுக்கக்கூட எதுவும் இல்லை.

சென்னையில் வேறு மாதிரி நடந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்களை, பெரும்பாலும் தலித் குடும்பங்களை, ‘பாதுகாப்புக்காக’ பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கிறது. அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. ஆற்றோரத்தில் இருந்தபோது வேலை பக்கத்தில் இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

கோவையிலும் இதைப் பார்த்தோம். முத்தண்ணன் குளம், வாலாங்குளம், உக்கடம் பெரியகுளம் என்று குளக்கரை மக்களைக் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் வெள்ளலூருக்கும் அனுப்பினார்கள். பிறகு கரையில் நடைபாதையும் விளக்கும் வந்தன. வெள்ள அபாயம் நடைபயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போனது?

நடூருக்கு வருவோம். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம். விடாத மழையில் சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர் ஒன்று ஆதிதிராவிடர் காலனி வீடுகள் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரான ஒரு துணிக்கடை முதலாளி எழுப்பிய சுவர் அது. ஆபத்து என்று மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நீதி கேட்டவர்கள் மேல் தடியடி நடந்தது, தமிழ்ப் புலிகள் கட்சியின் நாகை திருவள்ளுவன் உள்ளிட்டோர் கைதானார்கள். ‘பேரிடர்’ என்று சொல்லி இழப்பீட்டோடு முடிக்கப் பார்த்தார்கள். தீண்டாமைச் சுவர் என்று நாம் சொன்னோம். கடலோரத்தில் நாளை எழும் தடுப்புச் சுவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்களுக்கு இந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. சுவரின் எந்தப் பக்கத்தில் காலனி இருக்கும் என்று வரைபடம் போடும்போதே கேட்க வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று தோழர்கள் கேட்கிறார்கள். நாகையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம் மூலம் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் பண்ணையார்களிடம் பேசி நிலம் வாங்கி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று பெண்கள் பேரில் பதிவு செய்து கொடுத்தார்கள். மனம் மாறிய நிலவுடைமையாளர்களை நம்பும் அந்தக் காந்திய வழியில் எங்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பட்டா கையில் வந்த குடும்பம் நிவாரணப் பட்டியலில் விடுபடாது என்பதில் வேறுபாடு இல்லை.

இன்னொன்று ஏற்கெனவே நம்முடையது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்க முடியாத நிபந்தனையோடு தரப்பட்டும் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். கடலோரச் சேரிகள் நகர்வதற்கு நிலம் எங்கே இருக்கிறது என்று அரசு தேட வேண்டியதில்லை. தன் பதிவேட்டைத் திறந்தால் போதும்.

கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு டெல்டாவிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்த குடும்பங்களை எங்களில் சிலர் சந்தித்திருக்கிறோம். அவர்கள்தான் ஏற்கெனவே பின்வாங்கியவர்கள். எந்தத் திட்டத்திலும் அது பின்வாங்கல் என்று எழுதப்படவில்லை. மாதம் பிறந்தால் ஒற்றை அறைக்கு வாடகை. அதுவும் என்ன சாதி என்று விசாரித்த பிறகுதான் சில தெருக்களில் கிடைக்கிறது.

இந்த விடுமுறையில் மாணவத் தோழர்கள் அவரவர் ஊர்க் காலனியில் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, எத்தனை வீடு புறம்போக்கில், மழை நாளில் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று வீடு வீடாக எழுதுங்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் உங்கள் காலனி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் டி.சி. நிலத்தின் சர்வே எண்களைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு மனு போடுங்கள். வரும் பதில்களை எங்களுக்கு அனுப்புங்கள், சேர்த்துவைக்கிறோம்.