சாமி படத்துக்குள் ஒரு சரித்திரம்

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி. லயத்து வீட்டுச் சுவரில், தாமரை மேல் நின்ற அந்த லட்சுமிக்கு முகம் கொடுத்தவர் யார்?

பதிலுக்கு முன் சற்று பிரான்சுக்குப் போவோம். எதுவார் மானே (1832-1883) ஓவியர், அச்சோவியமும் செய்தவர். ரியலிசத்துக்கும் இம்ப்ரெஷனிசத்துக்கும் நடுவில் நின்றவர். பிரான்ஸ் ஆதரித்துப் பின் கைவிட்ட மெக்சிகோ பேரரசர் மாக்சிமிலியன் 1867-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காட்சியை மானே கல்லில் வரைந்து அச்சிட முயன்றார். பிரெஞ்சு அரசு தடுத்தது. அவர் இறந்த பிறகு, 1884-இல்தான் அது வெளிவந்தது. அரசுக்கு ஏன் அந்த அச்சம்? வரைந்த ஓவியம் ஒரு சுவரில் தொங்கும். அச்சோ ஆயிரம் கைகளுக்குப் போகும்!

அந்தச் சக்தியை நம்மவர்களிடம் கொண்டு வந்தவர், 1848-இல் கேரளத்தின் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா. அரண்மனைகளுக்கு எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர், 1894-இல் பம்பாயில் சொந்த அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். லட்சுமியும் சரஸ்வதியும் மலிவு விலையில் வீடு தேடி வந்தார்கள்.

இதை லேசாக நினைக்காதீர்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்ததே 1939-இல்தான். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் பலர் கப்பலேறி இங்கே பால்மரம் வெட்ட வந்தார்கள். காகிதத்தில் வந்த சாமி அவர்களிடம் சாதி கேட்கவில்லை.

பின்னர் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898-1976) வரைந்த தெய்வங்கள் சிவகாசி காலண்டர்களில் பரவின. சிவந்த மேனி, பட்டுச்சேலை, நகை என்று ஒரே அச்சில் தெய்வத்தைப் பார்க்கப் பழகிவிட்டோமே என்ற விமர்சனமும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் படங்கள் நம் சரித்திரச் சான்றுகள்.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோகும்போது, பழைய படங்களை அரச மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறோம். நேயர்களே, அதற்கு முன் படத்தின் அடி ஓரத்தைப் பாருங்கள். ஓவியர் பெயரோ அச்சகத்தின் பெயரோ சிறிய எழுத்தில் இருக்கலாம். அதைக் குறித்து வையுங்கள்; அந்தப் படத்தை வாங்கி மாட்டியவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தோட்டத்து மக்களின் சரித்திரத்தை வேறு யார் எழுதி வைக்கப் போகிறார்கள்?