டிப்ளமோவிலிருந்து பட்டத்துக்கு: அமெரிக்கச் செவிலியர் கல்வியில் தேர்ச்சித் தேர்வுகள்

அமெரிக்காவில் 1873ஆம் ஆண்டில் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய நகரங்களில் மருத்துவமனைகளைச் சார்ந்த செவிலியர் பள்ளிகள் தோன்றியதிலிருந்து முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, அந்நாட்டுச் செவிலியரில் மிகப் பெரும்பாலோர் அத்தகைய பள்ளிகளில் டிப்ளமோ பெற்றவர்களாகவே இருந்தனர். வார்டில் மாணவியர் செய்த நெடுநேர வேலையே அங்குப் பயிற்சியாகவும் கொள்ளப்பட்டது. மருத்துவமனைக்கு அது மலிவான உழைப்பாகவும் அமைந்தது. அவர்கள் பின்னாளில் பட்டம் நாடிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, வகுப்பு நேரத்தைக் கொண்டு படிப்பை அளக்கும் 'கிரெடிட்' என்னும் அலகில் அந்த வார்டு ஆண்டுகளை எழுத வழியிருக்கவில்லை. முழுவதையும் விசாரணையின்றி ஏற்பது ஆசிரியர்களுக்கு உவப்பாக இல்லை. பத்தாண்டு பணியாற்றியவரை நாடி பார்ப்பதிலிருந்து மீண்டும் தொடங்கச் சொல்வதோ, அறிவீனம் என்பதோடு, இரட்டைக் கட்டணமும் ஆகும்.

இவ்விரண்டுக்கும் நடுவழியாக வந்ததே தேர்ச்சித் தேர்வு, அதாவது எங்குக் கற்றார் என்று கேளாமல் என்ன கற்றிருக்கிறார் என்பதை மட்டும் சோதித்துக் கிரெடிட் வழங்கும் முறை. செவிலியர் கல்வியாளர் மில்ட்ரெட் மான்டாக் 1951இல் முன்வைத்த கருத்தை ஒட்டிச் சமுதாயக் கல்லூரிகளில் ஈராண்டுச் செவிலியர் படிப்பு பரவியதும், தொழில்முறைச் செவிலியருக்குப் பட்டமே அடிப்படைத் தகுதியாக வேண்டும் என்று அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1965இல் அறிவித்ததும், இத்தேர்வுக்கான தேவையைப் பெருக்கின.

எழுத்துத் தேர்வு கையின் திறனைக் காட்டாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்கு மிகத் துணிவான விடையை அளித்தது, 1970களில் நியூயார்க் மாநிலம் வகுப்பறையே இன்றி நடத்திய வெளிவாரிப் பட்டத் திட்டம். கேரி லென்பர்க் வழிகாட்டுதலில் உருவான அதன் செயல்முறைத் தேர்வில், மாணவர் உண்மையான நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள, தேர்வாளர் அருகில் நின்று பார்த்தார். இன்றியமையாதவை என முன்னரே எழுதி வைக்கப்பட்ட செயற்கூறுகளுள் ஒன்று தவறினாலும் அப்பகுதியில் தோல்விதான். இதனைக் கொடுமை என்றோர் பலர். ஆயினும் எதற்காகத் தோற்றோம் என்பதாவது மாணவருக்குத் தெளிவாகத் தெரிந்தது, சாதாரண வார்டு மதிப்பீட்டில் அது அரிது.

பிற்காலத்தில் பல கல்லூரிகள், உரிமம் பெற்ற செவிலியருக்குத் தேர்வை விலக்கி, முந்தைய படிப்புக்கான கிரெடிட்டை நிறுத்திவைத்து, மேல்நிலைப் பாடங்கள் சிலவற்றில் தேறிய பின் பதிவேட்டில் ஏற்றும் வழக்கத்துக்கு மாறின.